வீட்டிலேயே கத்தி தீட்ட: கோணம் பிடித்துத் தரும் கிட்டோடு முதல் தடவை உட்காருபவர்களுக்கு

சைக்கிளில் வரும் சாணைக்காரரை எங்கள் தெருவில் இப்போது மாதக்கணக்கில் பார்க்க முடிவதில்லை. வந்தாலும் அவரிடம் இருப்பது வேகமாகச் சுற்றும் சக்கரம். கெட்டியான அரிவாளுக்கு அது சரி. மெல்லிய காய்கறிக் கத்தியை அதில் பிடித்தால் கூர் வரும், கூடவே அலகும் ஒவ்வொரு முறையும் தேய்ந்துகொண்டே போகும். அதனால்தான் கோணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தீட்டும் கிட் ஒன்றை வாங்கினேன். பெட்டிக்குள் இருந்த தாளில் எதை எங்கே மாட்ட வேண்டும் என்ற படங்கள் மட்டுமே இருந்தன. எவ்வளவு நேரம் தேய்ப்பது, எப்போது அடுத்த கல்லுக்குப் போவது, முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. பல இடங்களில் தேடிப் படித்து, வீட்டுக் கத்திகளில் செய்து பார்த்துப் பிடிபட்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். கிட் உங்களுக்காகச் செய்யும் வேலை கோணம் மாறாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான். கத்திக்குக் கூர் வருவது முதல் கல்லில், அலகின் மறுபக்கம் நெடுகிலும் பிசிறு, அதாவது நுனியில் மடிந்து நிற்கும் மெல்லிய இரும்பு உதடு, எழும்பும்போது. அதற்கு முன் கல்லை மாற்றினால் பிறகு எத்தனை கல் போட்டாலும் பளபளப்புதான் வரும், கூர் வராது.

1. எந்தக் கத்தி இதில் ஏறும் என்று பிரித்து வையுங்கள்

வீட்டில் இருக்கும் கத்திகள் எல்லாவற்றையும் மேசைமேல் எடுத்துப் போடுங்கள். இரு பக்கமும் சரிவு உள்ள, பற்கள் இல்லாத, கையில் பிடித்து நறுக்கும் கத்திகள் கிட்டில் ஏறும். பழம் வெட்டும் சிறு கத்தி ஏறும், ஆனால் முதுகிலிருந்து கூர் வரை 2 செ.மீ.கூட இல்லாத ஒல்லியான அலகாக இருந்தால் கல் கிளாம்பின் மேலேயே உரசும். அதை முதல் நாள் தொடாதீர்கள்.

அரிவாள்மனை இதில் ஏறாது. வளைந்த அலகு, கீழே மரப்பலகை, கிளாம்ப் பிடிக்க இடமே இல்லை. அதற்குக் கையில் பிடித்துத் தேய்க்கும் சாணைக்கல்தான். பற்கள் உள்ள பிரெட் கத்தி, கத்தரிக்கோல், ஒரு பக்கம் மட்டும் சரிவு வைத்த ஜப்பானியக் கத்தி ஆகியவற்றையும் ஒதுக்கி வையுங்கள். வெள்ளையாக இருக்கும் செராமிக் கத்திக்கு வைரத்தூள் பதித்த தகடு தேவை. சாதாரணக் கல் அதை அசைக்காது, கவனம் பிசகினால் விளிம்பில் சில்லு பெயரும்.

மீதி உள்ளதில் விலை குறைந்த, மொக்கையாகிப்போன எவர்சில்வர் கத்தியை முதல் கத்தியாக எடுத்துக்கொள்ளுங்கள். இது விலைக்காக மட்டும் சொல்வதில்லை. இந்தக் கத்திகளின் இரும்பு மிருது, அதனால் பிசிறு சீக்கிரம் எழும்பும், விரலுக்கு நன்றாகத் தட்டுப்படும். எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 60-ஐ ஒட்டிய விஜி-10 போன்ற கெட்டியான எஃகில் அதே பிசிறு மிக நுண்ணியதாக இருக்கும், எழும்பவும் நேரம் பிடிக்கும். பிசிறு எப்படித் தட்டுப்படும் என்று விரலுக்குப் பழகிய பிறகு நல்ல கத்தியைத் தொடுங்கள்.

2. எந்தக் கிட், என்ன செலவு

கடையில் கிடைப்பவற்றை மூன்று வகையாகப் பார்க்கலாம்.

முதலாவது, லான்ஸ்கி போன்ற சிறிய கிளாம்ப். கத்தியின் முதுகைக் கிளாம்ப் பிடித்துக்கொள்ளும். கல்லோடு சேர்ந்த கம்பியை 17, 20, 25, 30 டிகிரி என்று குறித்திருக்கும் துளைகளில் ஒன்றில் விட்டுத் தேய்க்க வேண்டும். இடம் அடைக்காது, சிறு கத்திகளுக்கு அருமை. நீளமான கத்தியில் கொஞ்சம் திணறும்.

இரண்டாவது, எட்ஜ் ப்ரோ என்ற அமெரிக்கக் கிட்டைப் பார்த்துச் சீனாவில் செய்யப்படும் ருய்சின் வகை. ஒரு தூண், அதில் ஏற்றி இறக்கக்கூடிய மூட்டு, நீண்ட கம்பி, மாற்றிப் போடும் கற்கள். நம் ஊரில் பலரும் வாங்குவது இதுதான். நான் தேடியபோது 1,000 முதல் 2,500 ரூபாய்க்குள் பல பெயர்களில் கிடைத்தது. பெயர்தான் வேறு, உள்ளே கிட்டத்தட்ட ஒன்றே. பெரும்பாலும் 120, 320, 600, 1500 என்று நான்கு கற்கள் கூடவே வரும்; எண் கூடக் கூடக் கல் நைசு. கத்தியைக் கழற்றாமலே புரட்டும்படி சுழலும் கிளாம்ப் உள்ளதையே வாங்குங்கள். சில நூறு ரூபாய் கூடுதலாக இருக்கும். கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் கோணம் லேசாக மாறும், அந்தத் தொல்லையே இருக்காது.

மூன்றாவது, ஒர்க் ஷார்ப் பிரெசிஷன் அட்ஜஸ்ட் மாதிரியானவை. 15 முதல் 30 டிகிரி வரை திருகி வைக்கலாம், வைரத்தகடு இருக்கும், அமைப்பு உறுதியாக இருக்கும். இறக்குமதி என்பதால் விலை சில ஆயிரம் கூடும். மாதம் ஒரு தடவை வீட்டுக் கத்திகளைத் தீட்டுபவருக்கு இரண்டாவது வகையே போதும் என்பது என் கருத்து. மிச்சமாகும் பணத்தில் நல்ல வெட்டுப்பலகை ஒன்று வாங்கினால் கூர் கூடுதல் நாள் நிற்கும்.

கிட்டோடு சேர்த்து வாங்க வேண்டிய சில்லறைச் சாமான்கள்: அழியாத மை மார்க்கர், மாஸ்கிங் டேப், சிறிய டார்ச், வெட்டு விழாத கையுறை ஒரு ஜோடி, பெயின்டர்கள் வாட்டர் பேப்பர் என்று சொல்லும் உப்புத்தாள் 2 தாள். கையுறையைத் தவிர மற்றதெல்லாம் பக்கத்து ஸ்டேஷனரி கடையிலும் ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். கோணம் அளக்கும் டிஜிட்டல் கருவியை முதல் நாளே வாங்கத் தேவையில்லை.

3. பில், லேபிள், பெட்டி

இணையத்தில் வாங்குவதாக இருந்தால் திருப்பி அனுப்ப எத்தனை நாள் அவகாசம் என்பதை முதலில் பாருங்கள். பெரும்பாலும் 7 அல்லது 10 நாள். அந்த அவகாசத்துக்குள் ஒரு கத்தியையாவது தீட்டிப் பார்த்துவிட வேண்டும். பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த மாதம் திறந்தால், கம்பி வளைந்திருந்தாலும் கேட்க ஆள் இருக்காது.

பெட்டியைப் பிரிக்கும்போது போனில் வீடியோ எடுங்கள். கல் உடைந்து வந்தது என்று சொன்னால் பல விற்பனையாளர்கள் முதலில் கேட்பது அதைத்தான். பெட்டியின் மேல் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது, அதிகபட்ச விலை ஆகியவை அச்சாகியிருக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி இது கட்டாயம். இந்த லேபிளையும் பில்லையும் படம் எடுத்து ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விற்றவர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்க இவை இரண்டும் வேண்டும்.

உள்ளே பார்க்க வேண்டியவை மூன்று. கம்பியைக் கண்ணாடிமேல் உருட்டிப் பாருங்கள், தத்தினால் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். கற்கள் அலுமினியப் பட்டையில் பசை போட்டு ஒட்டப்பட்டிருக்கும், ஓரத்தில் விட்டிருக்கிறதா என்று நகத்தால் நெம்பிப் பாருங்கள். கிளாம்பின் இரண்டு தாடைகளும் இடைவெளி இல்லாமல் மூடுகின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மூன்றில் எது கோளாறாக இருந்தாலும் சரிசெய்ய முயலாமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

4. இடமும் நேரமும்

முதல் கத்திக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். கோணம் எல்லாம் பதிந்த பிறகு அதே கத்திக்கு கால் மணி நேரம் போதும். சமையல் வேலை முடிந்த, பிள்ளைகள் குறுக்கே ஓடாத நேரமாகப் பாருங்கள். கத்தியின் கூர் வெளிப்பக்கம் நீட்டியபடி இடுப்பு உயரத்தில் நிற்கும் என்பதால் இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

அடியில் உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் உள்ள கிட், கிரானைட் மேடையிலும் கண்ணாடியிலும் நன்றாக ஒட்டும். துடைத்து, லேசாக ஈரம் தடவி அழுத்துங்கள். மர மேசையில் அது நிற்காது. அங்கே திருகிப் பிடிக்கும் வகை கிட்தான் தோதுப்படும். வெளிச்சம் தலைக்கு மேலிருந்து வராமல் பக்கவாட்டில் வந்தால் கூரின் சரிவு தெளிவாகத் தெரியும்.

கத்தியைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து வையுங்கள். கல்லுக்குத் தண்ணீரா எண்ணெயா என்பதைக் கிட்டின் தாளில் பார்த்து முடிவு செய்யுங்கள். ருய்சின் வகைக் கற்களுக்குச் சில சொட்டுத் தண்ணீர் போதும், வைரத்தகடு வறட்டாகவே வேலை செய்யும். எண்ணெய் கேட்கும் கல்லாக இருந்தால் தையல் மிஷின் எண்ணெய் விடுங்கள். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நாளடைவில் பிசுபிசுத்துக் கல்லின் துளைகளை அடைத்துவிடும். ஒரு முறை எண்ணெய் குடித்த கல்லில் பிறகு தண்ணீர் ஒட்டாது, அதனால் முதல் நாளே ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே இருங்கள்.

5. கத்தியைக் கிளாம்பில் மாட்டுவது

அலகின் இரு பக்கமும் முதுகை ஒட்டி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கிளாம்பின் கீறல் விழாது. அதைவிட முக்கியம், கிளாம்ப் பிடித்த இடத்தை அந்த டேப்பிலேயே பேனாவால் கோடு போட்டுக்கொள்ளலாம். பாதியில் கழற்ற நேர்ந்தாலும் அதே இடத்தில் மாட்டலாம். முதுகு கிளாம்பின் உள்சுவரைத் தொடும்வரை தள்ளி, கூர் கிளாம்புக்கு இணையாக இருக்கிறதா என்று பார்த்து இறுக்குங்கள். கத்தியைப் பிடித்து லேசாக ஆட்டினால் மொத்த அமைப்பும் சேர்ந்து ஆட வேண்டும், கத்தி மட்டும் தனியாக ஆடக் கூடாது.

நீளமான கத்திக்கு ஒரு சங்கதி இருக்கிறது. கம்பி ஒரே புள்ளியிலிருந்து விசிறுவதால், நடுவில் 20 டிகிரி வைத்தால் ஓரங்களுக்குப் போகப் போகத் தூரம் கூடி, கோணம் குறையும். 15 செ.மீ. அலகுக்கு இது பெரிதாகத் தெரியாது. 20 செ.மீ.க்கு மேல் என்றால் அடிப்பகுதிக்கு ஒரு தடவை, முனைப்பகுதிக்கு ஒரு தடவை என்று இரண்டு இடத்தில் மாட்டித் தீட்டுங்கள்.

6. கோணத்தை முடிவு செய்வது

டிகிரி என்று சொல்லும்போது அது ஒரு பக்கத்துக்கா, இரண்டு பக்கமும் சேர்த்தா என்பதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். நான் இங்கே சொல்வதெல்லாம் ஒரு பக்கத்துக்கு. ஏதாவது ஓர் அட்டையில் 40 என்று பார்த்தால் அது இரண்டையும் சேர்த்த கணக்காக இருக்கும், நீங்கள் 20 வைக்க வேண்டும்.

சாதாரண எவர்சில்வர் காய்கறிக் கத்திக்கு 20 டிகிரி. ஜெர்மன் வகைச் சமையல் கத்திகளுக்கு 17 முதல் 20. கெட்டியான ஜப்பானியக் கத்திக்கு 15. மீன், கோழி எலும்போடு வெட்டும் கத்திக்கு 25. கோணத்தைக் குறைத்தால் கூர் மெல்லியதாகி நறுக்குவது சுகமாக இருக்கும், ஆனால் மிருதுவான இரும்பில் அந்தக் கூர் மடிந்துபோகும். மலிவான கத்திக்கு 15 வைத்து, இரண்டு நாளில் மழுங்கிவிட்டது என்று கிட்டைக் குறை சொல்பவர்கள் உண்டு.

தூணில் அல்லது துளையில் எழுதியிருக்கும் டிகிரியை அப்படியே நம்ப வேண்டாம். அது குறிப்பிட்ட அகலக் கத்திக்குத்தான் பொருந்தும். மூட்டிலிருந்து கூர் 20 செ.மீ. தூரத்தில் இருக்கும்போது 20 டிகிரி வருகிற உயரத்தில், 2 செ.மீ. அகலம் கூடிய கத்தியை மாட்டினால் கோணம் ஏறக்குறைய 18 ஆகிவிடும். போனில் இருக்கும் லெவல் ஆப்பை முதலில் கிளாம்பின் தட்டையான பகுதியில் வைத்துப் பாருங்கள். பிறகு கல்லைக் கூரின்மேல் வைத்து, போனின் ஓரத்தைக் கம்பியில் பொருத்திப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் கோணம்.

அடுத்து மார்க்கர். கூரின் சரிவு முழுவதும் மை பூசுங்கள். மிக நைசான கல்லை மாட்டி, இரண்டு மூன்று தடவை மட்டும் மெதுவாக இழுத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். மை கூரின் நுனியில் மட்டும் போயிருந்தால் கோணம் அதிகம், மூட்டை இறக்குங்கள். சரிவின் மேல்பகுதியில் மட்டும் போய் நுனியில் கறுப்பு நின்றால் கோணம் குறைவு, ஏற்றுங்கள். மேலிருந்து நுனி வரை ஒரே சீராக மை போனால் கத்தியின் பழைய கோணத்திலேயே நிற்கிறீர்கள். புதிய கத்திகளுக்கு இந்தப் பழைய கோணத்தைத் தொடர்வதே நல்லது. இரும்பும் வீணாகாது, நேரமும் மிச்சம்.

7. முதல் கல்: பிசிறு எழும்பும் வரை

மொத்த வேலையில் முக்கால் பங்கு இங்கேதான். அவசரப்படாதீர்கள்.

எந்தக் கல்லில் தொடங்குவது? அலகில் சில்லு பெயர்ந்திருந்தாலோ, பல வருடமாகத் தீட்டாமல் கிடந்திருந்தாலோ 120. வெறுமனே மழுங்கியிருந்தால் 320. ஓரளவு கூர் இருக்கும் கத்திக்கு 120 போடுவது இரும்பைக் கரைப்பதோடு சரி. அந்தக் கோடுகளை அழிக்கவே அடுத்த இரண்டு கற்களும் தேய வேண்டியிருக்கும்.

கையுறையை மாட்டுங்கள். கம்பியின் கைப்பிடியைப் பிடித்துள்ள கை கூருக்கு எதிரே இருக்கிறது, உள்நோக்கித் தள்ளும் ஒவ்வொரு முறையும் கூரை நோக்கிப் போகிறது. கல் வழுக்கினால் அடுத்து இருப்பது விரல். கல்லின் முழு நீளத்தையும் ஓட்டாமல், இரு ஓரத்திலும் ஒரு விரல் அகலம் விட்டு ஓட்டினால் கல் கூரைவிட்டு நழுவாது.

அலகை மனதுக்குள் மூன்று பாகமாகப் பிரித்துக்கொண்டு, அடியிலிருந்து ஒவ்வொரு பாகமாக முன்னும் பின்னும் தேயுங்கள். அழுத்தம் வேண்டாம். கல்லின் எடையோடு விரல்கள் சும்மா சாய்ந்திருந்தால் போதும். அழுத்தினால் கம்பி வளையும், கம்பி வளைந்தால் கோணம் போச்சு. முனைப் பக்கம் வரும்போது கல்லின் பாதி அகலம் முனையைத் தாண்டியதும் நிறுத்திவிடுங்கள். முழுக் கல்லும் தாண்டி இறங்கினால் முனை உருண்டுவிடும், அதைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு.

கொஞ்ச நேரத்தில் கல்லின்மேல் கறுப்புச் சேறு கூடும். அது கரைந்த இரும்பும் கல் தூளும். கூடினால் துடைத்துவிட்டு இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அவ்வப்போது மறுபடி மை பூசிப் பாருங்கள். நுனி வரை போகிறதா என்பது மட்டுமே கேள்வி.

இப்போது பிசிறு. மேல்பக்கம் தேய்க்கும்போது, நுனியில் இரும்பு மெலிந்து கீழ்ப்பக்கமாக மடியும். கண்ணுக்கு எளிதில் தெரியாது. கையுறையைக் கழற்றி, கீழ்ப்பக்கம் கட்டைவிரலை முதுகுப் பக்கம் வைத்து, கூரை நோக்கி மெதுவாக இறக்கி வெளியே கொண்டுவாருங்கள். கூரின் நீளவாக்கில் விரலை ஒருபோதும் ஓட்டக் கூடாது, குறுக்காக மட்டும். நுனியைத் தாண்டும் இடத்தில் மெல்லிய உதடு ஒன்று விரலைச் சொரசொரவென்று பற்றும். அதுதான் பிசிறு. விரலை நம்ப முடியவில்லையென்றால் பஞ்சு ஒரு துண்டு எடுத்து அதே திசையில் இழுங்கள். பிசிறு உள்ள இடத்தில் பஞ்சின் இழைகள் மாட்டிக்கொண்டு நிற்கும்.

நடுப்பகுதியில் பிசிறு முதலில் வரும். அடியிலும் முனையிலும் தாமதமாகும். நடுவில் வந்துவிட்டது என்று புரட்டிவிடாதீர்கள். வராத இடத்தில் மட்டும் இன்னும் தேயுங்கள். அடிமுதல் முனைவரை ஓர் இடம் விடாமல் பஞ்சு மாட்டினால்தான் இந்தப் பக்கம் முடிந்தது. அதன் பிறகு கத்தியைப் புரட்டி மறுபக்கமும் இதையே செய்து, பிசிறு இப்போது முதல் பக்கத்துக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள்.

இரண்டு பக்கமும் எண்ணி வைத்து அதே தடவை தேய்க்கச் சொல்வார்கள். எண்ணிக்கையை நம்பாதீர்கள். பழைய சரிவு ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் இருந்தால் நேரமும் அப்படித்தான் கூடிக் குறையும். ஒரு பக்கம் பத்து நிமிடத்தில் பிசிறு வந்து, மறுபக்கம் அரை மணி நேரம் ஆனாலும் அது இயல்புதான்.

8. அடுத்த கற்கள்

இனி வேலை இறக்கத்தில் உருளும். 320-க்குப் பின் 600, அதன்பின் 1500. ஒவ்வொரு கல்லிலும் முந்தைய கல்லின் கோடுகள் மறையும்வரை இரண்டு பக்கமும் தேய்த்தால் போதும். பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம். கல் மாற்றும்போது கத்தியையும் கிளாம்பையும் துடைத்துவிடுங்கள். 120-இன் துகள் ஒன்று ஒட்டியிருந்தாலும் 1500 போடும் பளபளப்பில் கோடு கிழித்துவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள்: கற்களின் தடிமன் ஒன்றுபோல் இருக்காது. தடிமன் 1 மி.மீ. கூடினால் கோணம் சுமார் 0.3 டிகிரி குறையும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் நைசான கல் நுனியைத் தொடாமல் மேலேயே உரசிக்கொண்டிருக்க அதுவே போதும். கல் மாற்றும்போதெல்லாம் மை பூசி, நுனியில் கறுப்பு நின்றால் மூட்டை ஒரு மயிரிழை ஏற்றுங்கள்.

காய்கறிக் கத்திக்கு 1500-க்கு மேல் போக வேண்டியதில்லை. தக்காளித் தோலைப் பற்றுவதற்குக் கூரில் கொஞ்சம் சொரசொரப்பு இருப்பது நல்லது. 600-உடன் நிறுத்திய கத்தி தக்காளிக்கு அருமையாக இருக்கும்.

9. பிசிறை எடுப்பது

இதைச் செய்யாமல் விட்டால் கத்தி முதல் நாள் அபாரமாக வெட்டும், மூன்றாம் நாள் மொக்கையாகிவிடும். வெட்டியது கூர் இல்லை, அதன்மேல் நின்ற பிசிறு. அது மடிந்ததும் எல்லாம் போயிற்று.

கடைசிக் கல்லிலேயே, கல்லை நுனியிலிருந்து முதுகை நோக்கி ஒரே திசையில் மட்டும், பக்கத்துக்கு ஒரு தடவை என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் கை இன்னும் லேசாக வேண்டும். கடைசி நாலைந்து தடவை கல்லின் எடைகூட முழுதாக விழக் கூடாது. பிசிறு பிடிவாதமாக அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மடிந்துகொண்டே இருந்தால், மூட்டை 1 அல்லது 2 டிகிரி ஏற்றி இரண்டு பக்கமும் இரண்டிரண்டு தடவை ஓட்டுங்கள். மிருதுவான எவர்சில்வருக்கு இந்த உபாயம் கைகொடுக்கும்.

பிறகு தோல். பழைய தோல் பெல்ட்டை மரச்சட்டத்தில் ஒட்டினால் போதும். ரெக்சின் பெல்ட் உதவாது. கத்தியைக் கிளாம்பிலிருந்து எடுத்து, முதுகு முன்னால் போக, கூர் பின்னால் வர, தோலின்மேல் பக்கத்துக்குப் பத்துத் தடவை இழுங்கள். கூரை முன்னால் தள்ளினால் தோல் கிழியும். இழுப்பின் முடிவில் கத்தியைத் தூக்கிச் சாய்த்தால் கூர் உருண்டுவிடும். நிறுத்திவிட்டு அப்புறம் தூக்குங்கள்.

10. சோதித்துப் பார்ப்பது

டார்ச்சைக் கூருக்கு நேர் மேலே பிடித்துப் பாருங்கள். நல்ல கூர் வெளிச்சத்தைத் திருப்பாது. எங்காவது வெள்ளைப் புள்ளியாகவோ கோடாகவோ மின்னினால் அந்த இடம் இன்னும் மழுங்கலாக இருக்கிறது, அல்லது பிசிறு மிச்சம் இருக்கிறது.

அடுத்து செய்தித்தாள். ஒரு கையில் தொங்கவிட்டு அடிமுதல் முனைவரை இழுத்து அறுங்கள். ஓர் இடத்தில் மாட்டிக் கிழிந்தால் அந்த இடத்தை மார்க்கரால் குறித்துக்கொண்டு 600-க்குத் திரும்புங்கள். முழுக் கத்தியையும் மறுபடி தேய்க்கத் தேவையில்லை.

கடைசியாக நன்றாகப் பழுத்த தக்காளி. தோல் தடித்த பெங்களூர் தக்காளி என்றால் சோதனை இன்னும் நியாயமாக இருக்கும். கத்தியை மேலே வைத்து, அழுத்தாமல் இழுக்கும்போதே தோல் பிளக்க வேண்டும். மல்லித்தழை நறுக்கினால் பலகையில் பச்சைச் சாறு படியாமல் இலைகள் உதிரியாக நிற்கும். மழுங்கிய கத்தி இலையை நசுக்குவதால்தான் அது சீக்கிரம் கறுக்கிறது.

11. கழுவுவதும் கல்லைப் பார்த்துக்கொள்வதும்

சமையலுக்குப் போகும் முன் கத்தியைச் சோப்புப் போட்டு, துணியை முதுகிலிருந்து கூரை நோக்கி இழுத்துத் துடையுங்கள். கூரின் நீளவாக்கில் ஸ்க்ரப்பர் வேண்டாம். கல் கழுவிய தண்ணீரில் இரும்புத் தூள் இருக்கும், பாத்திரம் கிடக்கும் தொட்டியில் ஊற்றாதீர்கள். கொல்லுப்பட்டறையில் செய்த இரும்புக் கத்தியாக இருந்தால் துடைத்த கையோடு ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள், புதிதாகத் தேய்த்த சரிவில்தான் துரு முதலில் பிடிக்கும்.

கற்களை நிழலில் காயவைத்துப் பெட்டியில் போடுங்கள். நாளாக ஆகக் கல்லின் நடுப்பகுதி குழியும். தரை டைல் ஒன்றின்மேல் உப்புத்தாளை விரித்து, தண்ணீர் விட்டு, கல்லில் பென்சிலால் குறுக்குக்கோடுகள் போட்டுத் தேயுங்கள். கோடுகள் முழுதாக அழிந்தால் கல் சமமாகிவிட்டது. 120, 320 கற்கள்தான் சீக்கிரம் தேயும். அவை மட்டும் தனியாகவும் கிடைக்கின்றன, முழு செட் வாங்க வேண்டியதில்லை. வைரத்தகட்டை இப்படித் தேய்க்கக் கூடாது, பழைய டூத் பிரஷ்ஷால் கழுவினால் போதும்.

12. ஒரு சீட்டில் எழுதி வையுங்கள்

ஒவ்வொரு கத்திக்கும் நாலு விவரம்: மூட்டின் உயரம் ஸ்கேலில் எத்தனை செ.மீ., கிளாம்ப் பிடித்த இடம் கத்தியின் அடியிலிருந்து எத்தனை செ.மீ., எந்தக் கல்லில் தொடங்கியது, தேதி. இந்தச் சீட்டைக் கிட் பெட்டியின் மூடியில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை அதே உயரம், அதே இடம், ஒரு தடவை மார்க்கர், உடனே வேலை. முதல் தடவை ஒன்றரை மணி நேரம் எடுத்த கத்தி கால் மணி நேரத்தில் முடிவது இந்தச் சீட்டினால்தான்.

தினமும் சமைக்கும் வீட்டில் எவர்சில்வர் கத்திக்கு ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கிட் தேவைப்படும். இடையில் வாரம் ஒரு முறை தோலில் இழுத்தால் இன்னும் தள்ளிப்போகும். கிரானைட் மேடையிலோ எவர்சில்வர் தட்டிலோ வைத்து நறுக்கும் பழக்கம் இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது, நாலு நாளில் கூர் போய்விடும். மரப்பலகையோ பிளாஸ்டிக் பலகையோ கட்டாயம். தக்காளித் தோலில் கத்தி வழுக்க ஆரம்பித்த அன்றே எடுத்துவிட்டால் 600-இல் தொடங்கினால் போதும், 120-ஐப் பெட்டியிலிருந்து எடுக்கவே வேண்டாம்.